ஸ்பிட்ஃபயர் மார்க் 1: மூன்று கிட்களை ஒரே மேசையில் கட்டி ஒப்பிடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐ 1/48 அளவில் (அசலில் 48-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடலாகக் கட்ட ஆசை. ஏர்ஃபிக்ஸ், டாமியா, எடுவார்ட் என்று மூன்று நிறுவனங்களின் கிட் (ஒட்டிக் கட்டும் பாகத் தொகுப்பு) பெட்டிகள் கிடைக்கின்றன. எது நல்லது? மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிப் பார்த்தால் நியாயமான பதில் கிடைக்குமா? கேள்வி இதுதான்.

கிடைக்கும். ஆனால் மூன்றையும் வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி முடித்தால் கிடைக்காது. அப்படிக் கட்டினால் மூன்றாவதாகக் கட்டியதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். காரணம் கிட் அல்ல, உங்கள் கை. முதல் ஸ்பிட்ஃபயரில் எங்கே இடுக்கு விழும், எந்தப் பாகத்தை எப்போது ஒட்டக் கூடாது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டுதான் மூன்றாவதைத் தொடுவீர்கள். ஆகவே மூன்றும் ஒரே கட்டத்தில் ஒன்றாக நகர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை மாற வேண்டும். காக்பிட்டை (விமானி அறையை) ஏர்ஃபிக்ஸ், டாமியா, எடுவார்ட் என்று செய்தால், உடலை டாமியாவில் தொடங்குங்கள், இறக்கையை எடுவார்டில் தொடங்குங்கள். முதல் அடி வாங்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பெட்டியைத் திறந்து ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை)ப் படம் பிடித்துச் சொல்லும் தீர்ப்புகளை நம்பி வாங்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். ஸ்ப்ரூவில் இருக்கும்போது ரிவெட்டும் (தகடுகளை இணைக்கும் ஆணித்தலை) பேனல் கோடும்தான் (தகடுகள் சேரும் கோடு) கண்ணில் படும். கிட்டின் உண்மையான குணம், இரண்டு பாகம் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அது பசை தொட்ட பிறகுதான் தெரியும்.

முதலில் எந்தப் பெட்டி என்பதைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள். இங்கே பேசுவது ஏர்ஃபிக்ஸ் 2015-இல் கொண்டுவந்த புது அச்சு (பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு), டாமியாவின் 2018 புது அச்சு (பெட்டி எண் 61119), எடுவார்டின் 2020 அச்சு. டாமியாவுக்கு 61032 என்ற எண்ணில் 1990-களின் பழைய மார்க் 1 ஒன்று உண்டு. வடிவத்தில் பிழை உள்ளதென்று பல காலமாகச் சொல்லப்படுவது அதுதான். கடை அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். எடுவார்டில் ப்ரோஃபிபேக் என்ற பெட்டியில் வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடுகளும், கண்ணாடியில் பெயின்ட் படாமல் ஒட்டிவைக்க, வெட்டித் தயாரான மாஸ்க்கும் இருக்கும். வீக்கெண்ட் என்ற பெட்டியில் உலோகத் தகடு இருக்காது. ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமானால் வீக்கெண்டையே எடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுத் தகட்டுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றையும் ஒரே விமானமாகக் கட்ட வேண்டும். 1940 கோடைகாலத்து மார்க் 1 வசதியானது: மூன்று அலகு டி ஹாவிலண்ட் புரொப்பல்லர், மேலே புடைத்த கேனபி (விமானியின் தலைக்கு மேல் மூடும் கண்ணாடி), முன் கண்ணாடிக்கு வெளியே தடித்த குண்டு துளைக்காத கண்ணாடி. மார்க் 1-இல் இந்த மூன்றுமே காலத்துக்கேற்ப மாறியவை. தொடக்கத்தில் இரண்டு அலகு மரப் புரொப்பல்லரும் தட்டையான கேனபியும்தான். கையேட்டில் எந்தப் பாகம் எந்த விமானத்துக்கு என்று போட்டிருப்பதை முதலிலேயே வட்டமிட்டுக்கொள்ளுங்கள். புடைத்த கேனபியை மூன்று கிட்டிலும் தேடி எடுத்து ஒரு டப்பாவில் தனியே வைத்துவிட்டால் கடைசியில் தடுமாற வேண்டாம்.

இனி அளவு. அசல் ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் இறக்கை விரிவு 11.23 மீட்டர், நீளம் 9.12 மீட்டர். 48-ஆல் வகுத்தால் 234 மி.மீ., 190 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் இறக்கை முனையிலிருந்து முனை வரை எடுப்பது எளிது. நீளத்தில் ஒரு மி.மீ. முன்னே பின்னே வந்தால் உடனே கிட்டைக் குறை சொல்லாதீர்கள். புரொப்பல்லரின் மூக்குக் கூம்பு மாறினால் நீளமும் மாறும். மூன்றையும் கூம்பு இல்லாமல் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுவதே சரி. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களை 1/48-க்கு அச்செடுத்து அதன்மேல் பாகத்தை வைத்துப் பார்ப்பது ஆபத்து. அச்சுப்பொறி ஒரு சதவீதம் சுருக்கினாலே இறக்கையில் 2 மி.மீ.க்கு மேல் பிழை வந்துவிடும். அச்செடுத்தால் அதிலேயே 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு அளந்து பாருங்கள்.

அளவைவிட முக்கியம் இறக்கையின் மேல்நோக்கிய சாய்வு. ஸ்பிட்ஃபயரில் இது 6 பாகை. அதாவது வெளிப்பக்கமாக 100 மி.மீ. போனால் சுமார் 10.5 மி.மீ. உயர வேண்டும். இதைக் கீழ்ப்பரப்பில் அளந்தால் சாய்வு கூடுதலாகவும், மேற்பரப்பில் அளந்தால் குறைவாகவும் காட்டும். இறக்கை உடலருகே தடித்து, முனையில் மெல்லியதாகப் போவதால் அப்படி. ஆகவே முழுக்கணக்கு வேண்டாம். விமானத்தைச் சமதளக் கண்ணாடியில் நேராக நிறுத்தி, இடது முனை உயரம், வலது முனை உயரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். முன்னாலிருந்து பார்க்கும்போது ஸ்பிட்ஃபயரின் அழகே இந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

கருவிகள் மூன்றுக்கும் ஒன்றே: ஒரே நிப்பர் (பாகம் வெட்டும் குறடு), ஒரே பசை, ஒரே உப்புத்தாள் வரிசை (400, 800, 1000), ஒரே ப்ரைமர், ஒரே பெயின்ட். இவற்றோடு மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் ஒரு செட் வாங்கிக்கொள்ளுங்கள். மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருப்பார்களே, அதேதான். 0.05 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ. வரை இதழ்கள் இருக்கும். இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே எந்த இதழ் நுழைகிறதோ அதுதான் இடுக்கின் அளவு. 'கொஞ்சம் இடுக்கு இருந்தது' என்ற சொல்லுக்குப் பதில் ஓர் எண் கிடைத்துவிடும். குறிப்பேட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு விஷயம் போதும்: எத்தனை நிமிடம், அதிகபட்ச இடுக்கு எவ்வளவு, எத்தனை இடத்தில் புட்டி, என்ன உடைந்தது. பெயின்ட் உலரும் நேரத்தைச் சேர்க்காதீர்கள். கை வேலை செய்த நேரம் மட்டும்.

ஸ்ப்ரூவை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, பிறகு வெட்டுங்கள். இங்கேயே மூன்றின் பிளாஸ்டிக்கும் வேறு என்பது கைக்குத் தெரிந்துவிடும். ஏர்ஃபிக்ஸ் மென்மையானது, வெளிர் சாம்பல். (சில ஆண்டுகள் இந்தியாவிலேயே வார்க்கப்பட்டு, பெட்டியில் அப்படியே அச்சிட்டு வந்த கிட்கள் உண்டு.) மென்மையான பிளாஸ்டிக்கைப் பாகத்தை ஒட்டி ஒரே வெட்டில் வெட்டினால், வெட்டிய இடம் வெள்ளையாக நசுங்கி உள்ளே குழியும். ஒரு மி.மீ. தள்ளி முதல் வெட்டு, மிச்சத்தைக் கூர்மையான பிளேடால் சீவுவது என்று இரண்டு தடவையாகச் செய்யுங்கள். டாமியா நடுத்தரம், எதற்கும் ஒத்துழைக்கும். எடுவார்ட் கொஞ்சம் கெட்டி. பிட்டோ குழாய் (வேகம் அளக்கும் குழாய்), ஏரியல் கம்பம் மாதிரி ஊசிப் பாகங்களை நிப்பரின் அதிர்வே உடைத்துவிடும். அவற்றைச் சுற்றியுள்ள ஸ்ப்ரூ சட்டத்தை முதலில் இரண்டு பக்கமும் வெட்டித் தளர்த்திவிட்டு, கடைசியில் பாகத்தைப் பிரியுங்கள்.

காக்பிட்டில் நிறைய எழுதலாம், ஆனால் உடல் மூடியபின் அதில் பாதிதான் தெரியும். கவனிக்க வேண்டியது ஒன்றே: காக்பிட் கூடு உடலின் உள்சுவரில் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா என்பது. எடுவார்டில் பாகங்கள் மிக நெருக்கமான அளவில் செதுக்கப்பட்டவை. ஏர்பிரஷ்ஷில் ஒரு கோட் பெயின்டின் தடிப்பு 0.02 முதல் 0.03 மி.மீ. இருக்கும். ப்ரைமர், பச்சை, வார்னிஷ் என்று மூன்று கோட், அதுவும் சேரும் இரண்டு பரப்பிலும் என்றால் 0.1 மி.மீ.யைத் தாண்டிவிடும். அவ்வளவுதான், உடலின் இரண்டு பாதியும் கீழே சேராமல் வாய் பிளந்து நிற்கும். இதைக் கிட்டின் குற்றம் என்று எழுதுகிறவர்கள் பலர். பெயின்டின் குற்றம் அது. பசை படும் இடத்தையெல்லாம் அடிப்பதற்கு முன் டேப்பால் மூடுங்கள், அல்லது அடித்தபின் சுரண்டுங்கள். டாமியா இதையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஏர்ஃபிக்ஸில் நேர் எதிர்ச் சிக்கல்: கூடு கொஞ்சம் ஆடும், எங்கே நிறுத்துவது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். மேலே கருவிப் பலகை உடலின் விளிம்போடு சமமாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒட்டுங்கள்.

நிறம்: மூன்றுக்கும் டாமியாவின் எக்ஸ்எஃப்-71 என்ற எண்ணுள்ள பெயின்ட் போதும். பிரிட்டிஷ் உள்பச்சைக்கு அது நூறு சதவீதம் பொருந்தாது, ஆனால் ஒப்பீட்டுக்கு நிறம் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பைத் தாண்டி அசலில் பச்சை கிடையாது, அலுமினிய நிறம்தான்.

இனி உடலும் இறக்கையும். மொத்த ஒப்பீட்டின் தீர்ப்பு இங்கேதான் எழுதப்படுகிறது. நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள்.

ஸ்பிட்ஃபயர் கிட்களில் பெரும்பாலும் கீழ் இறக்கை இடம் வலம் சேர்ந்த ஒரே பாகம். மேல் இறக்கை இரண்டு தனிப் பாகம். கையேடு சொல்லும் வரிசை: மேலையும் கீழையும் ஒட்டி இறக்கையை முடித்துவிட்டு, பிறகு உடலில் மாட்டு. இப்படிச் செய்தால் எல்லாப் பிழையும் ஒரே இடத்தில் வந்து சேரும்: மேல் இறக்கை உடலோடு சேரும் வளைந்த விளிம்பில். அசலில் அங்கே பெரிய சேர்மானத் தகடு ஒன்று வழிந்து இறங்கும். அந்தத் தகட்டின் விளிம்புதான் கிட்டின் ஒட்டுக்கோடு. இடுக்கு விழுந்தால் புட்டி போட்டு மூடவும் முடியாது, ஏனென்றால் மெல்லிய கோடாக அது அங்கே தெரிந்தாக வேண்டும். புட்டி போட்டால் மறுபடி கோடு கீற வேண்டும்.

ஆகவே ஒட்டுவதற்கு முன் மூன்று கிட்டிலும் ஒரே சோதனை. உடலின் இரண்டு பாதியையும் டேப்பால் சேர்த்துக் கட்டுங்கள், காக்பிட் உள்ளே இருக்கட்டும். இறக்கையையும் டேப்பாலேயே சேர்த்து, உடலில் பசையில்லாமல் மாட்டுங்கள். ஃபீலர் கேஜை இடது, வலது இரண்டு பக்கமும் முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் நுழைத்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஆறு எண்கள் பெட்டியைப் பற்றிய எல்லா விமர்சனத்தையும்விடக் கூடுதலாகப் பேசும்.

டாமியாவில் மெல்லிய இதழே நுழையத் தயங்கினால் அப்படியே ஒட்டலாம். எடுவார்டிலும் நன்றாகத்தான் பொருந்தும், உள்ளே பெயின்டும் ஸ்ப்ரூ மிச்சமும் இல்லாதவரை. ஒரு பக்கம் மட்டும் இடுக்கு காட்டினால் சக்கரக் குழியின் சுவர்களைக் கழற்றிப் பாருங்கள். அங்கே கால் மி.மீ. பிசிறு இருந்தாலும் மேல் இறக்கையைத் தூக்கிவிடும். ஏர்ஃபிக்ஸில் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் பிளந்தும் நிற்க வாய்ப்பு அதிகம். இதற்கு வரிசையை மாற்றுவதே மருந்து: மேல் இறக்கைகளை முதலில் உடலோடு, கோடு சரியாகச் சேரும்படி ஒட்டிவிட்டு, நன்றாக இறுகியபின் கீழ் இறக்கையைப் பொருத்துங்கள். பிழை கீழ்ப்பக்கத்துக்குப் போய்விடும். அங்கே புட்டி போட்டாலும் யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் நியாயத்துக்காகக் குறிப்பேட்டில் 'வரிசை மாற்றியது' என்று எழுதுங்கள். அது ஏர்ஃபிக்ஸுக்கு ஒரு கழித்தல் புள்ளி.

இன்னொரு வழி, ஒட்டுவதற்கு முன் உடலின் உள்ளே குறுக்காக ஒரு ஸ்ப்ரூத் துண்டு வைத்து, இடுக்கின் அளவுக்கு உடலை வெளியே தள்ளுவது. இரண்டு பக்கமும் 0.15 இடுக்கு என்றால் துண்டை உடலின் உள் அகலத்தைவிட 0.3 மி.மீ. கூடுதல் நீளமாக வெட்டுங்கள். அதற்குமேல் தள்ளினால் காக்பிட் வாய் அகன்று, கடைசியில் கண்ணாடி உட்காராது. இறக்கை முனைகள் தொங்கினால், ஒரு முனையிலிருந்து காக்பிட்டின் மேலாக மறு முனைக்கு மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டிவையுங்கள். அந்த இழுவை சாய்வையும் சரிசெய்யும், மேல் இடுக்கையும் மூடும். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள்.

இடுக்கு மூடும் முறை அளவைப் பொறுத்தது. 0.1 மி.மீ.க்குள் என்றால் மெல்லிய பசையைத் தாராளமாக விட்டு அழுத்தினாலே உருகிய பிளாஸ்டிக் பிதுங்கி மூடிவிடும். 0.1 முதல் 0.3 வரை, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் புட்டி. ஈரத் துணியால் வழித்துவிட்டால் உப்புத்தாளே தேவையில்லை, பக்கத்து ரிவெட்டும் தப்பிக்கும். 0.3-க்கு மேல் போனால் 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தாளைச் சீவி நுழையுங்கள். அவ்வளவு பெரிய இடுக்கில் புட்டி காய்ந்து சுருங்கி, பெயின்ட் அடித்த ஒரு வாரத்தில் வாய்க்கால் மாதிரி பள்ளம் காட்டும்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை மூடி மெல்லிய டாமியா பசை மூன்றுக்கும் சரி, ஆனால் ஏர்ஃபிக்ஸின் மென்மையான பிளாஸ்டிக்கில் அது வேகமாக இறங்கும். தூரிகையைப் பாட்டில் வாயில் துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஒட்டியதும் இரண்டு மணி நேரத்தில் தேய்க்கத் தொடங்கினால் அன்று சமமாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போகப் போக உருகிய பிளாஸ்டிக் சுருங்கும், ஒட்டுக்கோடு பள்ளமாகத் திரும்பி வரும். 24 மணி நேரம் காத்திருப்பது அதற்காகத்தான்.

வயிற்றுப் பக்கத்தில், இறக்கையின் பின்விளிம்பு உடலில் கலக்கும் இடத்தையும் மூன்றிலும் ஒப்பிடுங்கள். அசலில் அங்கே தட்டையாக இருக்காது; இறக்கையின் அடி கடற்பறவையின் சிறகு மாதிரி வளைந்து உடலுக்குள் ஏறும். பழைய கிட்கள் பல இதைத் தவறவிட்டவை. கிட்டில் இந்த வளைவின் குறுக்கேதான் ஒட்டுக்கோடும் வருகிறது. தட்டையான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் வளைவே போய்விடும். பென்சிலில் சுற்றித் தேயுங்கள். மூக்கின் மேல்மூடியில் நடுவே ஒட்டுக்கோடு வந்தால், எந்தக் கிட்டானாலும் அதை முழுக்க அழித்தாக வேண்டும். அசலில் அது ஒரே தகடு.

ரிவெட்டுக்கு எடுவார்ட் பேர்போனது. டாமியாவில் அளவாக இருக்கும். ஏர்ஃபிக்ஸில் பேனல் கோடுதான் பேச்சு, அதுவும் அகலமாக. 0.2 மி.மீ. கோடு என்றால் அசலில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பிளவு. அப்படி ஒரு விமானத்தில் யாரும் ஏறமாட்டார்கள். ஆனால் 'ரிவெட் இருப்பதால் எடுவார்டே உண்மை' என்பதும் முழுச் சரியில்லை. தலை தட்டையான ரிவெட் எங்கெல்லாம் தேவை என்று அறிய, சோதனை விமானத்தின் தட்டை ரிவெட்களின்மேல் உடைத்த பட்டாணியை ஒட்டிப் பறக்கவிட்டார்கள் ஸ்பிட்ஃபயரை உருவாக்கிய சூப்பர்மரைன் பொறியாளர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டாணியை எடுத்துவிட்டு வேகம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார்கள். அதன் பிறகு இறக்கைக்குத் தட்டை ரிவெட், பின்னுடலில் உருண்டைத் தலை ரிவெட் என்று முடிவானது. ஆகவே பின்னுடலில் ரிவெட் புடைத்திருக்க வேண்டும். ஊசிக்குழியாகச் செதுக்குவது கிட் உலகத்து வழக்கம், அவ்வளவே. இதற்கு மதிப்பெண் போடும்போது 'உண்மை' என்று ஒரு கட்டமும் 'பார்க்க அழகு' என்று ஒரு கட்டமும் தனித்தனியாக வையுங்கள்.

பின்விளிம்பின் தடிப்பையும் காலிப்பரால் அளந்துவிடுங்கள். அரை மி.மீ. என்றால் அசலில் 24 மி.மீ. கட்டை மாதிரி தெரியும். தடித்திருந்தால் ஒட்டுவதற்கு முன்பே மேல், கீழ் இறக்கையின் உள்பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்குங்கள். ஒட்டியபின் வெளியே தேய்த்தால் ரிவெட் போய்விடும்.

சக்கரக் கால்கள் சீக்கிரம் முடியும் வேலை. முன்னாலிருந்து பார்த்தால் ஸ்பிட்ஃபயரின் கால்கள் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாயும். பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னோக்கிச் சாயும். இறக்கையில் நுழையும் காலின் முளை ஆழமாகவும் சதுரமாகவும் இருந்தால் கோணம் தானாக வரும், உருண்டையாக இருந்தால் நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்தக் கிட்டில் எத்தனை நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதை எழுதுங்கள், அதுவே மதிப்பெண்.

கண்ணாடிப் பாகங்களில் தெளிவை எல்லாரும் பார்ப்பார்கள். தடிப்பை யாரும் அளப்பதில்லை. 0.8 மி.மீ. தடிப்பு அசலில் 38 மி.மீ. ஆகிறது. மூடிய கேனபிக்கு அது பரவாயில்லை. திறந்து வைத்தால்தான் சிக்கல்: தடித்த கேனபி பின்னுடலின் முதுகில் ஏறி உட்காராது, தொப்பி மாதிரி தூக்கி நிற்கும். திறந்த நிலைக்கென்று தனியாக மெல்லிய பாகம் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணாடிக்கு ஃபெவிக்விக் மாதிரியான பசை எக்காரணத்துக்கும் வேண்டாம், ஆவி படிந்து உள்பக்கம் வெள்ளைப் பூ பூத்துவிடும். வெள்ளை மரப்பசை போதும்.

ப்ரைமர் அடிக்கும்போது ஒப்பீடு கெட்டுப்போக ஒரு வாய்ப்பு உண்டு. தடித்து அடித்தால் ஏர்ஃபிக்ஸின் அகலக் கோடு குறுகி அழகாகும், எடுவார்டின் ரிவெட் அடைந்து மறையும். மெலிதாக அடித்தால் நேர்மாறு. முதல் கோட்டை மூன்றிலும் மெலிதாக அடித்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின் ஏர்ஃபிக்ஸுக்கு மட்டும் இன்னொரு கோட் கொடுங்கள். காற்றழுத்தம் 15 பிஎஸ்ஐ, லாக்கர் ப்ரைமரானால் ஒரு பங்குக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு தின்னர். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மழைக்காலப் புழுக்கத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் பரப்பில் வெண்புகை படியும். வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரவைத்து ஈரத்தை இழுப்பதால் வருவது அது. மெதுவாக உலரும் தின்னர் கலந்தால் குறையும்.

மேலே மண்ணிறத்துக்கு எக்ஸ்எஃப்-52, கரும்பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, அடியில் எக்ஸ்எஃப்-21. 1940 ஜூனுக்கு முந்தைய விமானமானால் அடிப்பக்கம் ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. அதற்குப் பிறகுதான் இந்த வெளிர்பச்சை கலந்த 'ஸ்கை'. மேல் வடிவம் ஏ, பி என இரண்டு. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். மூன்றிலும் ஒரே வடிவத்தை எடுங்கள். அடையாள எழுத்து எந்தப் படைப்பிரிவுடையது என்பது உங்கள் விருப்பம். நம் ஊர்த் தொடர்பு வேண்டுமென்றால் பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரனைப் (படைப்பிரிவை) பாருங்கள், எழுத்து ஏ இசட். 1940-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஈவல், மிடில் வாலப் தளங்களிலிருந்து மார்க் 1 ஓட்டிய பிரிவு. மதராஸ் மாகாணத்திலிருந்து போன போர்நிதியின் காரணமாக 'மதராஸ் பிரெசிடென்சி' என்ற பெயர் அதற்குச் சேர்ந்தது.

டெக்காலில் (நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படங்களில்) ஆச்சரியம் காத்திருக்கிறது: விலை குறைந்த ஏர்ஃபிக்ஸில் வருவதுதான் இத்தாலியின் கார்டோகிராஃப் அச்சு. மெல்லியது, மென்மையாக்கும் திரவத்துக்கு உடனே பணியும். டாமியா டெக்கால் தடித்தது. வெந்நீரில் ஊறவைத்து, வலுவான திரவத்தை இரண்டு மூன்று தடவை தடவி, ஈரத் துணியால் ஒற்றினால்தான் ரிவெட்டுக்குள் இறங்கும். முழுக்க இறங்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எடுவார்டின் சமீபகால டெக்காலில், நன்றாகக் காய்ந்தபின் மேல் படலத்தை மட்டும் உரித்தெடுக்கலாம், நிறம் மட்டும் தங்கும். அவசரப்பட்டு உரித்தால் நிறமும் கூடவே வரும். முதலில் இறக்கையின் அடியில் ஒரு சிறு எழுத்தில் சோதித்துப் பாருங்கள்.

குறிப்பேட்டில் கூட்டிப் பார்க்கும்போது மொத்த மணிநேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்த நேரம் எதில் போனது என்று பாருங்கள். ஏர்ஃபிக்ஸின் நேரம் புட்டியிலும் உப்புத்தாளிலும் போகும். எடுவார்டின் நேரம் சிறு பாகங்களைச் சுத்தம் செய்வதில் போகும். டாமியாவில் பெரும்பகுதி பெயின்டுக்கே மிஞ்சும். திருத்தும் வேலை பிடித்தவருக்கு ஏர்ஃபிக்ஸ் நேரம் வீணல்ல; நுணுக்கம் பிடித்தவருக்கு எடுவார்ட் நேரம் வீணல்ல. முதல் விமானம் கட்டுகிறவருக்கும், கட்டுவதைவிடப் பெயின்ட் அடிப்பது பிடித்தவருக்கும் டாமியா 61119-ஐத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. ரிவெட்டுக்காகவும் மிஞ்சும் பாகங்களுக்காகவும் எடுவார்டை வாங்கலாம், ஆனால் இரண்டு மூன்று கிட் கட்டிய கை வேண்டும். ஏர்ஃபிக்ஸை விலைக்காகவும் டெக்காலுக்காகவும், இடுக்கு மூடப் பழகவும் வாங்குங்கள்.

மூன்று வாங்கக் காசு இல்லை, இரண்டுதான் என்றால் ஏர்ஃபிக்ஸும் எடுவார்ட் வீக்கெண்டும் எடுங்கள். வித்தியாசம் அதிகமாகத் தெரிவது இந்த ஜோடியில்தான். எடுவார்டின் ஸ்ப்ரூக்கள் வேறு மாடல்களுக்கும் பொதுவாக இருப்பதால் உபரிச் சக்கரங்கள் மிஞ்சலாம். மிஞ்சினால் ஏர்ஃபிக்ஸில் மாட்டலாம். அச்சுத் துளை பொருந்தாவிட்டால் துளையை ஸ்ப்ரூத் துண்டால் அடைத்து, காய்ந்தபின் ஏர்ஃபிக்ஸ் காலின் முளை அளவுக்குப் புதிதாகத் துளையிடுங்கள். துளையைச் சக்கரத்தின் நடுவில் நேராக இடுங்கள், சாய்ந்தால் விமானம் நொண்டும்.